மூன்றாவதாக ஓர் எருக்கு

அடுக்களைக் கதவுக்கு வெளியே நாதாங்கி விழுந்து நாலைந்து நிமிஷம் இருக்கும். சொர்ணக்கனி முக்காலியில் உட்கார்ந்தபடி, நாற்பத்தெட்டு வயதில் தன்னை ஒருத்தி அடுக்களைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாளே, கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. அன்னத்தங்கத்துக்குத் தெரியாத ஒன்று இந்தக் கதவைப் பற்றித் தனக்குத் தெரியும் என்பதாலோ என்னவோ. இரண்டு கையாலும் பிடித்து ஒரு விரற்கடை மேலே தூக்கி உலுக்கினால் நாதாங்கி தானே கழன்று தொங்கும். சின்ன வயதில் அம்மா உள்ளே போட்டுப் பூட்டும்போதெல்லாம் அப்படித்தான் வெளியே வந்திருக்கிறாள். ஆகவே இது பூட்டே இல்லை, தானாகச் சம்மதித்து உட்கார்ந்திருப்பது. அப்படி நினைத்ததும் லேசாக உறுத்தியது. நிஜமாகவே பூட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏட்டி சொர்ணம், நாங்க வந்து தொறக்க வரைக்கும் சன்னல் பக்கமே போயிராத என்னா? பொண்ணு கண்ணுல பட்டுட்டுன்னா பிறவு செஞ்சதுக்குப் பலன் கெடையாது," என்று சொல்லிவிட்டுப் போனாள் அன்னத்தங்கம். வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து இவளுக்கு நாத்தினார், மாப்பிள்ளையின் அக்கா. அறுபது வயதில் அந்தக் குரலைத் தெருக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற தெம்பு அவளுக்கு இருந்தது. சன்னல் பக்கம் போகவே வேண்டாம். புறவாசலில் நடப்பது அத்தனையும் கேட்டது. குடத்தை வைத்த சத்தம், பாயை உதறியது, ஜோசியர் வைகுண்டமணி தொண்டையைச் செருமியது, "அண்ணாச்சி, கெழக்கப் பாத்து உக்காருங்க" என்றது. அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. தவசிலிங்கம் பதில் சொல்லாமல் செய்கிற ஆள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தவசிலிங்கம் அவளுடைய புறவாசலில் நிற்கிற எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டுவார். கட்டின கையோடு அதை அரிவாளால் வெட்டிச் சாய்ப்பார். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை வந்து அவள் கழுத்தில் கட்டுவார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்து போய்விட்டார்கள். பூங்கனி, பிரசவத்தில், பிள்ளையோடு. அது நடந்து இருபத்தேழு வருஷம். ஜெயராணி, காய்ச்சலில், ஆறு வருஷத்துக்கு முன்னால், நாலே நாளில். இரண்டு தாரத்தைத் தூக்கிக் கொடுத்தவன் கட்டுகிற மூன்றாவதும் தங்காது என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கணக்கு. அதனால் மூன்றாவதை எருக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். வருகிற சாவு அதோடு போகும், அடுத்து வருகிறவள் நாலாவது, அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டபோது சொர்ணக்கனிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஓமானில், இப்ரி என்கிற ஊரில், ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் தாவரம் சொல்லிக்கொடுத்தவள் அவள். சிரித்த கையோடு, சரி செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் இன்று காலை பல் தேய்க்கும்போது, யாரிடமும் சொல்லாமல், தன்னிடம்கூடச் சரியாகச் சொல்லாமல், ஒன்றை முடிவு செய்திருந்தாள். அவர் அதை ஒரே வெட்டில் சாய்த்துவிட்டால் போய்விடுவது. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, திரும்ப வருகிறீர்களா என்று. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டும். கைப்பேசி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஒரே வெட்டு என்றால் ஆமாம் என்று எழுதிவிடலாம். ஏன் ஒரே வெட்டு, இரண்டு வெட்டு என்றால் மட்டும் அந்தச் செடிக்கு வலி குறைவா, இது என்ன பைத்தியக்காரக் கணக்கு, அவர்கள் எண்ணுவது மூடநம்பிக்கை, நீ எண்ணுவது அறிவியலா. தெரியவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தாலி கட்டின ஒன்றை ஒரு மனிதன் எப்படி வெட்டுகிறான் என்பது காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். அவர் தயங்கினால்? தயங்கினால் என்ன செய்வது என்று அவள் முடிவு செய்திருக்கவில்லை.

முதலில் பார்த்தது இந்தச் செடியே இல்லை, வேறோர் எருக்கு. அன்னத்தங்கம் பார்த்து வைத்திருந்த பெண் குளத்தங்கரையில் நின்றாள். ஒரு வாரமாக அலைந்து, பூத்தது, கிழக்கே சாய்ந்தது, சுடுகாட்டுப் பக்கம் முளைக்காதது என்று தேர்ந்து, அடையாளத்துக்கு மஞ்சள் நூலும் சுற்றிவிட்டு வந்திருந்தாள். நேற்று மத்தியானம் நூறுநாள் வேலைக்காரர்கள் கரையைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் வாரி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அன்னத்தங்கம் மூச்சிரைக்க வந்து நடுவீட்டில் உட்கார்ந்தாள். "நம்ம பொண்ண வெட்டிட்டாளுவ சொர்ணம்! மஞ்சக் கயிறு சுத்துனது கண்ணு தெரியலயா இவளுவளுக்கு? தாலி கட்டதுக்கு முன்னயே அறுத்துட்டாளுவ!" சொர்ணக்கனி தண்ணீர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே அன்னத்தங்கத்தின் கண் திறந்திருந்த புறவாசல் வழியாகப் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே பார்த்தாள். "ஏட்டி, இது கெழக்கதான சாஞ்சிருக்கு?" சொர்ணக்கனிக்கு இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எருக்கஞ்செடியை வெட்டாதே என்று இந்த ஊரில் யார் சொல்வார்கள். ஏழு மாசமாக எல்லாரும் அவளிடம் வெட்டு வெட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைத் திறந்த முதல் நாள் வெட்டுவதாகத்தான் இருந்தாள். அரிவாள் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தபோது அது பூத்திருந்தது, வெளிறிய ஊதாவில், ஒவ்வொரு பூவும் நடுவில் ஒரு சின்னக் கிரீடத்தை வைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் அரிவாளைத் திருப்பிக் கேட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். அம்மா செத்து மூன்று வருஷம், காரியத்துக்கு வந்து பூட்டிவிட்டுப் போன வீடு, கல்லுக்கும் சுவருக்கும் நடுவே சிமெண்டு வெடித்த இடத்தில் அது முளைத்து ஆள் உயரம் நின்றது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இந்தப் பக்கம் மழை என்பது ஐப்பசியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. ஊரைத் தாண்டினால் செம்மணல் தேரி, காற்றடித்தால் மேடு இடம் மாறும், மே மாசத்தில் வெறும் காலை வைக்க முடியாது. அங்கேயும் இதுதான் நிற்கிறது, ஆடு கடிக்காமல், மாடு சீண்டாமல், இலையில் வெள்ளையாக மாவு பூசிக்கொண்டு. ஆனால் வீட்டுக்குள் நின்றால் அதற்கு வேறு அர்த்தம், குடி பாழ் என்று. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. உண்மையில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து வயதில் நிச்சயம் பண்ணி, புடவை எடுத்து, ஓமானில் வேலைக்கு உத்தரவு வந்ததும் கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்ன மறுநாள் காலையில், அந்தப் பையனின் அம்மா இதே தெருவில், இதே வாசலுக்கு எதிரே நின்று, குனிந்து இரண்டு கை மண்ணை அள்ளி வீட்டைப் பார்த்து எறிந்தாள். "இந்த வீட்டுல எருக்கு மொளைக்கட்டும்!" கத்தவில்லை. கூட்டம் கூட்டவில்லை. ஒரு வேலையை முடித்த மாதிரிக் கையைத் தட்டிக்கொண்டு போனாள். அந்தத் தட்டல்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா சாகிற வரைக்கும், ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் சொர்ணக்கனி பார்த்திருக்கிறாள், காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் அம்மா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, சுவர் ஓரமெல்லாம் குனிந்து, இரண்டு இலை விட்ட எதையாவது கிள்ளி எறிந்துவிட்டு வருவாள். என்ன தேடுகிறாய் என்று இவளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பஞ்சு முளைத்த விதை காற்றில் எத்தனை மைல் போகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் அம்மாவின் குனிந்த முதுகு நினைவுக்கு வரும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வெளியே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். செடிக்கு மஞ்சள் நீராட்டுகிறார்கள். "மேல ஊத்துங்க ஆச்சி, தூருல ஊத்துனா போதாது, தலைக்கு ஊத்தணும்." "தலை எது இதுக்கு?" "பூவு எங்க இருக்கோ அங்கன." இலையில் தண்ணீர் ஒட்டாது, உருண்டு போய்விடும், மஞ்சளும் ஒட்டாது. ஒட்டவில்லை போலிருக்கிறது, அன்னத்தங்கம் என்னவோ முணுமுணுத்தாள். சொர்ணக்கனி எழுந்து, அடுப்பைத் துடைத்து, ஏற்கெனவே துடைத்ததுதான், மறுபடியும் உட்கார்ந்தாள். அந்த இலையை அவர் முதல் முறை தொட்டது ஐந்து மாசத்துக்கு முன்னால். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது என்று பஜாரில் கேட்டபோது, வைண்டிங் கடை தவசிலிங்கத்திடம் போங்க டீச்சர் என்றார்கள். வந்தார். மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு புறவாசல் வழியாகப் போகும்போது காலில் உடைமுள் ஏறிவிட்டது. செருப்பைத் தாண்டி உள்ளே. கல்லில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், முனை ஒடிந்து உள்ளேயே தங்கியிருந்தது. ஊசி எடுத்து வரட்டுமா என்று இவள் கேட்டாள். அவர் எருக்கைப் பார்த்தார். "டீச்சர், இதுல ஒரு எல பறிச்சுக்கிடட்டா?" எல்லாரும் வேரோடு பிடுங்கச் சொல்கிற ஒன்றில் ஓர் இலை பறிக்க ஒரு மனிதர் உத்தரவு கேட்டார். பறித்து, காம்பில் வடிந்த பாலை முள் இருந்த இடத்தில் சொட்டு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு விரலால் அமுக்கினார், முள் வந்துவிட்டது. அதை அவளிடம் காட்டினார், ஏதோ அவளுடைய பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. மோட்டாரைச் சரி செய்ய மூன்று நாள் என்றார், ஆறு நாள் ஆயிற்று. அவள் கடைக்கே போய்ப் பார்த்தாள். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் பேச வாயெடுத்ததும் இடது கையை மட்டும் உயர்த்தினார், இரு என்று. சுற்று எண்ணிக்கொண்டிருக்கிறார், நடுவில் பேசினால் தப்பிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் நின்றாள். இவ்வளவு நேரம் யாருக்காகவும் சும்மா நின்றதில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

அதற்குப் பிறகும் டீச்சர்தான். கல்யாணம் பேசி முடித்த பிறகும் டீச்சர். ஒருநாள் கேஸ் இணைப்புக்கு விண்ணப்பம் எழுதும்போது, பேர் என்ன போடட்டும் என்று வேண்டுமென்றே கேட்டாள், வாயால் வருகிறதா பார்ப்போம் என்று. விண்ணப்பத்தை வாங்கி, கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக எழுதி நீட்டினார். வாய் திறக்கவில்லை. பூங்கனியைப் பூங்கனி என்றுதான் கூப்பிட்டிருப்பார். ஜெயராணியை ராணி என்று கூப்பிடுவாராம், அன்னத்தங்கம் சொல்லியிருக்கிறாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு பேருக்கும் அவர்தான் கொள்ளி வைத்தார். அதனாலா? அப்படி இருக்குமோ? அவரிடம் கேட்க முடியாது. அவர் அவர்களைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு தடவை, ஒரே மூச்சில். யாருக்கு எத்தனை வயது, என்ன நோய், எந்த மாசம், எந்த இடத்தில் எரித்தது. சொல்லிவிட்டு, "இதத் தெரிஞ்சிக்கிட்டுதான் நீங்க முடிவு பண்ணணும் டீச்சர்" என்றார். பயமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். இப்போது உட்கார்ந்து யோசித்தால் இருந்திருக்கிறது. சாவதைப் பற்றி அல்ல, நாற்பத்தெட்டு வயதில் அதெல்லாம் யாருக்கும் எங்கேயும் வரக்கூடியது. வரிசையில் நிற்பதைப் பற்றி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓர் ஆள் எண்ணிக்கொண்டே போகும்போது தான் ஓர் எண்ணாகிப் போவதைப் பற்றி. இப்போது இவர்கள் அந்த வரிசையில் தனக்கு முன்னால் ஒரு செடியை நிறுத்துகிறார்கள், தன்னைக் காப்பாற்ற. அதாவது தன் சாவை அதன் தலையில் கட்டி. அதற்கு அவள் சரி என்று சொல்லிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்ரியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இதே செடி நின்றது. இதே இல்லை, இதன் தங்கை, பூவின் நுனியில் மட்டும் ஊதா. போன முதல் மாசம், ஐம்பது டிகிரி வெயிலில் கண்ணுக்கெட்டிய வரை ஒன்றும் இல்லாத இடத்தில் அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. கூடவே திடுக்கென்றும் இருந்தது, இங்கேயும் வந்துவிட்டாயா, அந்தக் கிழவி எறிந்த மண் இவ்வளவு தூரமா வரும். வாட்ச்மேன் சாலிமிடம் பேர் கேட்டாள். உஷர் என்றார். நல்லதா கெட்டதா? அவர் அதற்கு யோசித்தார். ஒட்டகம் தின்னாது, ஆடு தின்னாது, ஆனால் பல்லியும் தேனீயும் அதன் நிழலில்தான் கிடக்கும் என்றார். கேட்டதற்கு அது பதிலா என்று அன்றைக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு கிரேக்கப் பேர் இருந்தது, அழகிய படகின் அடிக்கட்டை என்று அர்த்தம், பூவின் உள்ளே அப்படி ஒரு வளைவு இருக்கிறது. அதே பக்கத்தில் ஆங்கிலப் பேர் ஒன்றும் இருந்தது, பாவத்தில் எரிந்துபோன ஒரு பழைய நகரத்தின் பேரைச் சொல்லி அந்த ஊர் ஆப்பிள் என்று. பார்க்கப் பழம், கையில் எடுத்தால் உள்ளே வெறும் காற்றும் பஞ்சும். பிள்ளைகளுக்கு அந்தக் கதைதான் பிடிக்கும். அவளுக்கு அது பிடிக்காது, காயை உடைத்துப் பஞ்சைக் காட்டி, இது ஏமாற்று இல்லை, பயணத்துக்குக் கட்டின மூட்டை என்று சொல்வாள். ஒரு விடுமுறையில் பெரிய அகராதியில் எருக்கைத் தேடினாள். செடியின் பேருக்குப் பக்கத்திலேயே பழைய தமிழில் ஒரு வினைச்சொல் இருந்தது. எருக்குதல். வெட்டுதல், அழித்தல், கொல்லுதல். இரண்டும் ஒரே வேரா, சும்மா அடுத்தடுத்து வந்து விழுந்ததா, அகராதி சொல்லவில்லை. ஊருக்கு ஊர் ஒரு பேர், ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க்காரன் எதற்குப் பயந்தானோ அதைச் சொல்கிறது. பிள்ளையாருக்கு மாலை, பச்சைப் பிள்ளைக்கு அரைஞாண், வேண்டாத பெண் பிள்ளைக்கு நாக்கில் அதன் பால் இரண்டு சொட்டு, முழங்கால் வலிக்கு ஒத்தடம், பிடிக்காதவன் வீட்டுக்குச் சாபம். எல்லாம் இதுதான். செடி எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு நின்றது. பேர்தான் அலைகிறது.

"கயித்த எடுங்க ஆச்சி. கயித்துல மஞ்சக்கெழங்கு கட்டியிருக்கா? செரி. அண்ணாச்சி, எந்திரிங்க." வைகுண்டமணியின் குரல் சடங்குக் குரலாக மாறியது. சொர்ணக்கனி கையை மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று முன்னிரவு முழுக்க அன்னத்தங்கம் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள், நடுவீட்டில் வைத்து, சொர்ணக்கனிக்கும் கேட்கத்தான். பொண்ணு பேரு கேப்பாவ, எருக்கலைக்கன்னின்னு சொல்லணும், என்ன சொல்லணும்? அவர் எருக்கலைக்கன்னி என்றார். சத்தமா. எருக்கலைக்கன்னி. வெற்றிலையை மடித்துக்கொண்டே பத்துத் தடவை கேட்டாள், அவரும் பத்துத் தடவை சொன்னார், கடைசியில் அன்னத்தங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது, "மூதேவி, பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தாம்ல நின்ன" என்றாள். ஆகவே அதில் தப்புவதற்கு ஒன்றும் இல்லை. இப்போது பேர் கேட்பார்கள், பிறகு மூன்று முடிச்சு, பிறகு குலவை, பிறகு அரிவாள். அரிவாள் தீட்டியதுதானா? தீட்டியிருந்தால் ஒரே வெட்டு சுலபம், அது நியாயமான பரீட்சை ஆகாது. தண்டு கட்டைவிரலைவிட மூன்று பங்கு கனம், ஆனால் உள்ளே மென்மை. கம்பி சுற்றுகிற கைக்கு பலம் உண்டு. அந்தக் கை. வெட்டின இடத்தில் பால் பீறிடும், கொட்டும், சிமெண்டில் வெள்ளையாக ஓடும். அதைக் கழுவுவது யார்? அவள்தான். இன்று சாயங்காலம் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லை, விமானத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும். இரண்டும் ஒரே சாயங்காலத்தில் முடியாது.

"பொண்ணு பேரச் சொல்லுங்க அண்ணாச்சி."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஒரு தேனீயோ வண்டோ சன்னல் கண்ணாடியில் வந்து முட்டிவிட்டுப் போயிற்று.

"சொர்ணக்கனி."

தொண்ணூற்றாறு என்று சொன்ன அதே குரல். எண்ணி முடித்துத் தலை நிமிர்ந்த குரல். அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே தோன்றி, ஆங் என்று உதடு பிரிந்துவிட்டது. பிறகுதான் காது அதை மறுபடி கேட்டது. ஐந்து மாசத்தில் முதல் தடவை. அவளுக்கு எதிரே அல்ல, ஒரு செடிக்கு எதிரே. வைகுண்டமணி வாய்ப்பழக்கத்தில், "சொர்ணக்கனி என்னும் கன்னிகையை" என்று அந்தப் பேரையே எடுத்து நீட்டி முழக்கிக்கொண்டே போனார். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, அன்னத்தங்கம் குலவையைத் தொடங்கினாள், நாக்கைச் சுழற்றி, வீடே அதிர்கிற குலவை, தெருவெல்லாம் கேட்கட்டும் என்று. மூன்றாவது முடிச்சும் விழுந்திருக்கும். குலவை பாதியில் நின்றது. கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது.

"ஏலே. என்ன பேருலே சொன்ன?"

அன்னத்தங்கத்தின் குரல் ஜோசியர் பக்கம் திரும்பிற்று.

"சோசியரே, இவன் என்ன பேரு சொன்னான்?" உடனே அவர் மேலேயே பாய்ந்தாள். "நீரும் அந்தப் பேரச் சொல்லித்தான ஓய் மந்திரத்தச் சொன்னீரு! வாய்க்குள்ள என்ன வச்சிருந்தீரு?" வைகுண்டமணி, "அண்ணாச்சி சொன்னாவ, நான் சொன்னேன், பேர என்ன எழுதி வச்சா கொண்டாந்திருக்கேன்" என்றார். குரலில் சடங்கு போய்விட்டது, வெறும் மனிதர் பேசினார். "அவுத்துட்டுத் திரும்ப எருக்கலைக்கன்னின்னு சொல்லிக் கட்டுவோம். நேரம் இருக்குல்லா?" என்றாள் அன்னத்தங்கம். "கட்டுன தாலிய அவுக்கதுக்கு வேற பேரு இருக்கு ஆச்சி. அந்தப் பொண்ணு உள்ள உயிரோட இருக்கா." "அப்பம் அவுக்காம வெட்டுவோம்." வைகுண்டமணி மெதுவாக, "எந்தப் பேருல கட்டுனமோ அந்தப் பேருலதான வெட்டு விழும்" என்றார். தாவரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு, ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும், கிரேக்கப் பேரின் அர்த்தம் தெரிந்தவளுக்கு, உள்ளங்கால் வரை பயம் ஓடிற்று. தன் பேரை வைத்துக்கொண்டு புறவாசலில் ஒன்று நிற்கிறது. நாலு எட்டு தூரத்தில். பக்கத்தில் அரிவாள். அவர் எடுத்துவிட்டால்? அக்காவின் பேச்சைத் தட்டாதவர். எதற்கும் பதில் சொல்லாமல் செய்கிற ஆள். எடுத்தாரா? ஏதோ இரும்பு உரசிற்று. ஒன்று என்று எண்ண வாய் தயாராகிவிட்டது.

இரும்பு கல்லில் பட்டது. ஓங்கி அல்ல, படுக்கப் போடுகிற மாதிரி. துணி துவைக்கிற கல்லின் மேல் அரிவாளை வைக்கிற சத்தம், இந்த வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா. பிறகு தவசிலிங்கத்தின் குரல். "என்னால முடியாதுக்கா." அன்னத்தங்கம் அழ ஆரம்பித்தாள். "கிறுக்குப்பயலே, வெட்டலேன்னா அவ மூணாவதுல்லாலே! ரெண்டு பேர வாரிக் குடுத்தது பத்தாதா ஒனக்கு? நல்ல புள்ளலே அவ!" அந்த அழுகையில் நடிப்பு இல்லை. இவ்வளவு நேரம் அன்னத்தங்கத்தைத் தன் புறவாசலுக்குள் வந்து ஆளுகிறவளாக மட்டும் நினைத்திருந்தோமே என்று சொர்ணக்கனிக்கு இருந்தது. ஒரு வாரம் வெயிலில் அலைந்து செடி தேடினது தம்பிக்காகவா, எனக்காகவா. இரண்டு சாவையும் பக்கத்தில் இருந்து குளிப்பாட்டியவள் அவள்தானே. எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. கதவை இரண்டு கையாலும் பிடித்து ஒரு விரற்கடை தூக்கி உலுக்கினாள். நாதாங்கி கழன்று தொங்கியது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அதே சத்தம்.

வெயில் முகத்தில் அடித்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னத்தங்கம் முந்தானையைத் தூக்கி அவள் கண்ணை மறைக்கப் பார்த்தாள், "வராத, வராதட்டி, பாக்காத!" எருக்கு அங்கே நின்றது, தலையில் மஞ்சள் ஒட்டாமல், இடுப்பில் ஒரு புதுத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூங்கொத்துக்குக் கீழே மஞ்சள் கயிறு. கொஞ்சம் வெட்கப்படுகிற மாதிரிக்கூட இருந்தது. கயிறு கட்டும்போது ஓர் இலை ஒடிந்திருக்க வேண்டும், தவசிலிங்கத்தின் இரண்டு கையிலும் பால் வடிந்து மணிக்கட்டு வரை போயிருந்தது. அவர் கையைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவில்லை.

"எம்பேரச் சொல்லித்தான கட்டுனாவ?" என்று சொர்ணக்கனி வைகுண்டமணியைக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "மூணு முடிச்சும் விழுந்துச்சா?" விழுந்தது என்றார். "அப்பம் கட்டியாச்சி. வெள்ளிக்கிழம கோயில்ல மாலை மட்டும் மாத்திக்கிடலாம். இத இப்படியே விட்டுருங்க."

"ஏட்டி, அப்பம் நீ மூணாவதுல்லா ஆயிருவ!"

"ஆமா மைனி. மூணாவதுதான். எண்ணத் தெரியாமலா இருக்கேன்."

நாத்தினார் முறை சொல்லி, மைனி என்று அவள் இதுவரை அன்னத்தங்கத்தைக் கூப்பிட்டதில்லை. அன்னத்தங்கம் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதுக்குன்னு வீட்டுக்குள்ள எருக்க நிக்க விட்டுட்டு எவளாவது குடும்பம் நடத்துவாளா," என்றாள், ஆனால் முந்தானையை இறக்கிவிட்டாள். தவசிலிங்கம் என்னவோ சொல்ல வாயெடுத்தார், வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்கினார். "கண்ணுல வச்சிராதிய!" என்று சொர்ணக்கனி அதட்டினாள். பிள்ளைகளை அதட்டுகிற அதட்டல். கை பாதியில் நின்றது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், அது சாபம் இல்லை, பாடத்தில் இருக்கிறது. குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரைச் சாய்த்து, செடிக்கு ஊற்றின அதே தண்ணீர்தான், அவருடைய கையில் விட்டாள். "நல்லா தேச்சுக் கழுவுங்க. நகக்கண்ணு எல்லாம்."

"சரி, டீச்சர்," என்றார்.

வைகுண்டமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சொர்ணக்கனி தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். பால் பிசுபிசுப்பு ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதப் பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருந்தது. கை காய்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம், ஒரு வரிதான்.